விடுபட்ட சாய்கோடு

புஸ்பராணி பக்கம் அமைக்கப் பழகியது எந்த வகுப்பிலும் இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தத் தொண்ணூறுகளின் பின்பாதியில் திருகோணமலையில் அப்படியொரு வகுப்பு இருக்கவுமில்லை. அவள் படித்தது டைப்பிங். அதை நம்பித்தான் துறைமுகப் பக்கம் அச்சகம் வைத்திருந்த ஸைனுலாப்தீன் புதிதாக வாங்கிய கணினிக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் இருத்தினார். ஈய எழுத்துக் கோத்த காலத்து மனிதர் அவர். அந்தப் பெட்டியைத் தொடுவதற்கே அவருக்குப் பயம்.

தட்டச்சு செய்ய முடிந்தது. ஆனால் தட்டியதைப் பக்கமாக்கினால் கல்யாணக் கார்ட்டும் கோயில் நோட்டீசும் மரண அறிவித்தலும் ஒரே முகத்தோடு வந்தன. அது அவளுக்கே பிடிக்கவில்லை. பழைய சஞ்சிகைகளை எடுத்து, அடிமட்டம் வைத்து ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள், தலைப்புக்குக் கீழே எவ்வளவு இடம் என்று அளந்து பார்த்தாள். நல்ல பக்கம் என்று பட்டதன் மேல் எண்ணெய்க் கடதாசியை வைத்துக் கட்டங்களை மட்டும் கீறி எடுத்தாள். எழுத்துகளை நீக்கிவிட்டுக் கட்டங்களை மட்டும் பார்த்தால், கண் எங்கே போகிறது, எங்கே தட்டுப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

அவள் பழகுவதற்குக் கிடைத்த மற்றத் துணை சிநேகிதி பாக்கியரத்தினம். இருவரும் ஒன்றாக டைப்பிங் படித்தவர்கள். பாக்கியரத்தினம் கொழும்புக்குப் போய் ஒரு விளம்பரக் கொம்பனியில் பக்கம் அமைக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். மாதத்தில் ஒருமுறை பஸ்ஸில் வருகிறவர்கள் யாரிடமாவது ஒரு கட்டுக் கொடுத்தனுப்புவாள். ஆங்கிலப் புத்தகங்களின் போட்டோப் பிரதிகள், ஓரங்களில் அவளுடைய கையெழுத்தில் குறிப்புகள். கீழ்க்கோடு போடாதே, எழுத்தைத் தடிப்பாக்கு. பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார், பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். புஸ்பராணி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தாள். படித்ததையெல்லாம் அப்படியே நம்பவுமில்லை. புத்தகம் சொன்ன வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தபோது மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் கொம்புகளும் முட்டிக்கொண்டன. தமிழுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்து பாக்கியரத்தினத்துக்கு எழுதினாள். ஆங்கிலம் போல இரண்டு பக்கமும் ஒரே நேராக வெட்டினால், தமிழின் நீளச் சொற்களுக்கிடையே வெள்ளை ஓட்டைகள் விழுந்து, பக்கம் சொத்தைப் பல் மாதிரி ஆகிவிடுகிறது என்றும் எழுதினாள்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஊரில் யாராவது நல்ல நோட்டீஸ் ஒன்றைக் கண்டால் ஸைனுலாப்தீனின் அச்சகத்தில் அடித்ததா என்று கேட்கும் அளவுக்கு அவள் வந்திருந்தாள்.

அந்த மழைக்காலம் தம்பலகாமப் பக்கம் மலேரியா பரவியது. மலேரியாத் தடுப்புப் பகுதியில் வேலை செய்த சிவகுருநாதன் ஒரு துண்டுப்பிரசுரத்துக்கான விசயத்தைக் கொண்டுவந்தார். காய்ச்சலின் குணங்குறி மேலே, மருந்துக் கணக்கு கீழே. எந்த வயதுக்கு, முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எத்தனை குளிசை விழுங்க வேண்டும் என்று ஒரு அட்டவணை. ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூன்று நாளும் அரைக் குளிசை. 1/2 என்று எழுதியிருந்தார்.

புஸ்பராணி அதை ஆசையோடு செய்தாள். இதைக் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் படிக்கப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். புரூஃப் எடுத்து இருவருமாக வாசித்தார்கள். சிவகுருநாதன் ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அவர் போன பிறகு அவள் இன்னொரு தரம் பார்த்தாள். எழுத்துகள் ஒரு முகம், இலக்கங்கள் ஒரு முகம். தமிழ் எழுத்துருவுக்கு நடுவில் ஆங்கில எழுத்துருவின் மெல்லிய இலக்கங்கள் இரவல் சட்டை போட்டது போல நின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு எழுத்துக் குடும்பம் போதும் என்று பாக்கியரத்தினம் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். அவள் ஃபுளொப்பியில் அனுப்பியிருந்த புதிய தமிழ் எழுத்துருவில் இலக்கங்களும் இருந்தன, தடித்த நல்ல இலக்கங்கள். பக்கம் முழுவதையும் தெரிவு செய்து ஒரே அடியில் மாற்றினாள். பக்கம் சட்டென்று ஒன்றாகக் கூடி நின்றது. கரண்ட் போவதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அச்சுப் பிளேற்றுக்குக் கொடுத்தாள். பின்னேரமே அடித்து, வெட்டி, கட்டி, சிவகுருநாதன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாட் காலை ஒரு பிரதியைப் பாக்கியரத்தினத்துக்கு அனுப்பலாம் என்று எடுத்து மடித்தாள். மடிப்பு அட்டவணையின் முதல் வரிசையிலே விழுந்தது. ஒரு வயதுக்குக் கீழே. அதற்கு நேரே 1, ஒரு இடைவெளி, 2.

மை விழாமல் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், அதற்கடியில் ஒன்றையும். எல்லாம் அப்படித்தான். கணினியைப் போட்டு, அந்த எழுத்துருவில் சாய்கோட்டுக்குரிய விசையை அழுத்தினாள். கேர்சர் ஒரு எழுத்தளவு நகர்ந்தது, திரையில் ஒன்றும் விழவில்லை. எழுத்துருவைச் செய்தவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அரைக் குளிசை என்பது ஒன்று, இரண்டு என்று ஆகியிருந்தது.

சிறு குழந்தைக்கு அந்த மருந்து கூடினால் என்ன நடக்கும் என்பதை சிவகுருநாதனே முந்தாநாள் அந்தக் கதிரையில் இருந்து சொல்லியிருந்தார். அதனால்தான் அவர் இலக்கங்களை அப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

மெசினுக்குப் பின்னால் நின்ற ஸைனுலாப்தீனிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். சொல்லத் தொடங்கிப் பாதியில் அழுதுவிட்டாள். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் வெளிறியது. ஆனால் ஏசவில்லை.

"புள்ள, அழுறதுக்குப் பொறகு நேரம் இரிக்கி. இப்ப எழும்புங்க, போவம்."

தம்பலகாமத்துக்கு போன் எடுத்துப் பார்த்தார்கள். லைன் செத்துக் கிடந்தது. அவருடைய பழைய வேன் நாலு தரம் இருமிவிட்டுத்தான் கிளம்பியது. வழி நெடுக அவருடைய உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. புஸ்பராணி மடியில் வைத்திருந்த தாளை விரித்து விரித்துப் பார்த்தாள். பார்த்தால் கோடு வந்துவிடும் என்பது போல. கையெழுத்து வைத்த பக்கம் வேறு, அடித்த பக்கம் வேறு. இடையில் கை வைத்தவள் தான் ஒருத்திதான். அழகுக்காக.

சீனக்குடாப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ்களும் லொறிகளும் வரிசை கட்டி நின்றன. சனம் இறங்கிப் பைகளோடு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாகனமாகத்தான் விட்டார்கள். முறை வந்ததும் ஆமிக்காரன் ஒருவன் வேனுக்குள் எட்டிப் பார்த்து, அவள் மடியிலிருந்த தாளைக் கேட்டு வாங்கினான். ஸைனுலாப்தீன் சிங்களத்தில், மலேரியா மருந்து, பிழையாக அச்சாகிவிட்டது, பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் போக வேண்டும் என்று சொன்னார். அவன் எழுத்துப் புரியாமல் இலக்கங்களை மட்டும் பார்த்தான். தனக்கும் போன மாதம் மலேரியா வந்தது, குளிசை பெருங்கைப்பு என்றான். தாளைத் திருப்பிக் கொடுத்து, வேலியை நகர்த்தச் சொல்லிக் கை காட்டினான்.

தம்பலகாமத்தில் கிளினிக் நடந்தது ஒரு சனசமூக நிலையத்தில். அவர்கள் போனபோது வெளியே தாய்மார் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகளின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலே போட்டிருந்த மர வாங்கில் துண்டுப்பிரசுரக் கட்டுகள் கிடந்தன. மேற்கட்டு பிரித்திருந்தது. அரைவாசி போயிருந்தது.

சிவகுருநாதனிடம் அவள் தாளைக் காட்டினாள். விரலை அந்த இடத்தில் வைத்தாள். அவர் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவருடைய கண்ணாடிக்குள் வேர்த்துவிட்டது. உள்ளே திரும்பி, மருந்து கொடுத்துக்கொண்டிருந்த றஹ்மாவைக் கூப்பிட்டார். றஹ்மா அந்த ஊர்ப்பெண், சுகாதாரத் தொண்டராக அங்கே நெடுநாள் வேலை செய்பவள்.

றஹ்மா விசயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு மருந்து உறையை எடுத்துவந்து புஸ்பராணியின் கையில் வைத்தாள். உறையின் மேல் போல்பொயின்ற் பேனையால் வட்டங்கள் கீறியிருந்தது. மூன்று நாளுக்கு மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம், அதில் பாதி மட்டும் கறுப்பாக நிரப்பியிருந்தது.

"நான் எல்லா உறையிலயும் இப்பிடித்தான் கீறிக் குடுக்கிறது அக்கா. இங்க கன பேருக்கு வாசிக்க ஏலாது. வாய் வழியாவும் சொல்லித்தான் அனுப்பினனான். நீங்க பயப்பிடாதீங்க."

புஸ்பராணி உறையைக் கையில் வைத்தபடியே வாங்கிலே, அந்தக் கட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். போன மூச்சு திரும்பி வந்தது. ஸைனுலாப்தீன் வானத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

ஆனால் சிவகுருநாதன் அசையாமல் நின்றார். காலையில் றஹ்மா வர முன்னம் தான் ஒரு உறை கொடுத்துவிட்டதாக மெல்லச் சொன்னார். குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கத்துரை, கைக்குழந்தைக்கு நேற்று எடுத்த இரத்தத்தின் முடிவைக் கேட்டு விடியவே வந்திருந்தார். மலேரியா என்று வந்திருந்தது. வயல் வேலை இருக்கிறது என்று அவர் அவசரப்பட, உறையில் வெறும் குளிசையைப் போட்டு, விபரம் இந்தத் தாளில் இருக்கிறது, பார்த்துக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

உடனே நால்வரும் வேனில் ஏறினார்கள். குளக்கட்டு வரைக்கும்தான் வேன் போனது. அதற்கப்பால் ஒற்றையடிப் பாதை, மழைக்கு ஊறி வழுக்கிக் கிடந்தது. புஸ்பராணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒரு பக்கம் குளம், மறு பக்கம் முழங்கால் உயர வயல். யானை வந்து உழக்கிய இடத்தில் நெல் சாய்ந்து கிடந்தது. அவளுக்கு முன்னால் றஹ்மாவின் வெள்ளை முக்காடு மட்டும் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் தங்கத்துரை மண்வெட்டியைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தார். வயலுக்குப் போயிருக்கவில்லை. உள்ளே அவருடைய மனைவி குணேஸ்வரி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குழந்தையை ஏணையில் ஆட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் சத்தமில்லை.

சிவகுருநாதன் மூச்சு வாங்க, மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டார்.

"எங்க குடுக்கிறது சேர்?" என்றார் தங்கத்துரை. குரலில் சரியான கோபம். "உங்கட தாளில ஒண்டு, ரெண்டு எண்டு கிடக்கு. காலையில ஒண்டு, பின்னேரம் ரெண்டு எண்டுதான் அர்த்தம் எண்டு நான் சொல்லுறன். இவ கேக்கிறா இல்லை. பெரிய பிள்ளைக்கே ஒண்டுதானே போட்டிருக்கு, குஞ்சுப் பிள்ளைக்கு என்னண்டு கூடும் எண்டு நிக்கிறா. பிள்ளையைத் தொட விடுறா இல்லை."

"தொட விடமாட்டன்," என்றாள் குணேஸ்வரி சுவரைப் பார்த்தபடியே. "நீங்கள் வந்து சொல்லுமட்டும் ஒண்டும் குடுக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான்."

கூரைத் தீராந்தியில் செருகியிருந்த உறையைத் தங்கத்துரை எடுத்துக் கொடுத்தார். வாய் பிரிக்காத உறை. றஹ்மா அதைக் கிழித்து, குளிசைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். எல்லாம் இருந்தன.

முதலில் சிரித்தது ஸைனுலாப்தீன். பாதையில் கடைசியாக வந்து வாசற்படியில் பொத்தென்று இருந்தவர், உறையைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிவகுருநாதனுக்கும் தொற்றியது. புஸ்பராணிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் ஒன்றாக வந்தது. ஏணைக்குப் பக்கத்தில் போய்க் குழந்தையைப் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த முகம், வாயைக் கோணி நித்திரை. குணேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தாளைச் செய்தது நான்தான் அக்கா," என்றாள். "அதில பிழை. அரைக் குளிசைதான். நீங்கள் சொன்னதுதான் சரி."

குணேஸ்வரி அவளைக் கோபிக்கவில்லை. இதைக் கேட்டதும் முதல் வேலையாகத் திரும்பிப் புருசனைத்தான் பார்த்தாள். தங்கத்துரை மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வயலில் தண்ணி கட்ட நேரமாகிவிட்டது என்று எழும்பினார். ஆனால் போகவில்லை. றஹ்மா குளிசையை இரண்டாக உடைத்து, பாதியைக் கரண்டியில் நசித்துச் சீனித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க, குழந்தை அதைத் துப்பாமல் விழுங்கும் வரைக்கும் அவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

ஊருக்குள் மற்றத் தாள்களைத் திரும்ப வாங்குவதில் பகல் போனது. அதுவும் பெரிய பாடாக இல்லை. முக்கால்வாசிப் பேர் கிளினிக்கைச் சுற்றித்தான் இருந்தார்கள். போன இடத்திலெல்லாம் உறையில் வட்டம் இருந்தது, தாயும் அந்த வட்டத்தைத்தான் காட்டினாள். ஒரு வீட்டில் தாளை அரிசிப் பானைக்கு மூடி போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் பின்பக்கத்தில் பிள்ளை மாடு கீறியிருந்தது. தான் இரவு பகலாக நினைத்து நினைத்து அமைத்த பக்கத்தை ஒருவரும் வாசிக்கவேயில்லை என்பதைக் கண்டு வேறு ஒருத்தியும் இவ்வளவு சந்தோசப்பட்டிருக்க முடியாது.

திரும்பும் வழியில் ஸைனுலாப்தீன் வேனை நிறுத்தி இரண்டு முட்டித் தயிர் வாங்கினார். ஒன்றை அவளுக்கென்று கொடுத்தார். பொழுதுபட்டுச் சாவடியில் பாதை மூடுவதற்கு முன் சீனக்குடாவைத் தாண்டிவிட்டார்கள். அவளுடைய வீடிருந்த லிங்கநகரில் அவளை இறக்கிவிடும்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். இனி ஒரு எழுத்தைத் தொட்டாலும் திரும்பவும் புரூஃப் எடுக்க வேண்டும், தானும் பார்க்க வேண்டும், அவசரமென்று யார் வந்து நின்றாலும் சரி என்றார். அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள். அன்று இரவு தயிர் ஊற்றி இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அம்மா அதிசயமாகப் பார்த்தாள்.

அடுத்த நாள் புதிதாகத் தொடங்கினாள். இலக்கங்களை எடுத்துவிட்டு றஹ்மாவின் வட்டங்களை வைத்தாள். முழுக் குளிசைக்கு முழுக் கறுப்பு வட்டம், அரைக்குப் பாதிக் கறுப்பு. பக்கத்தில் சிறிதாக "அரை", "ஒன்று" என்று எழுத்தில். அந்த எழுத்துருவிலிருந்த எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, எவையெவை விழவில்லை என்று எழுதி, பாக்கியரத்தினத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். பாக்கியரத்தினம் பதறிப்போய்ப் பதில் எழுதினாள். அதே எழுத்துருவைக் கொழும்பில் இன்னும் பல பேருக்குக் கொடுத்திருந்தாளாம். எல்லாருக்கும் சொல்லிவிட்டாளாம். அதைப் படித்ததும் புஸ்பராணிக்கு இன்னொரு பாரம் இறங்கியது.

ஆனால் இம்முறை புரூஃபை மேசையில் வைத்துப் பார்ப்பதோடு அவள் விடவில்லை. பிளேற் போட முன்னம், அடுத்த கிளினிக் நாளில் சிவகுருநாதனோடு தம்பலகாமத்துக்குப் போனாள். விளக்கம் ஒன்றும் சொல்லாமல், வரிசையில் நின்ற தாய்மாரின் கையில் புரூஃபைக் கொடுத்து, உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று காட்டுங்கள் என்று கேட்டாள். புத்தகங்கள் வாசகரின் கண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தன. இங்கே அவள் பார்த்தது விரலை. விரல் வயதில் தொடங்கி வட்டத்தை நோக்கிப் போனது. பெரும்பாலும் சரியாகப் போனது. ஒருத்திக்கு மட்டும் நடுவழியில் கீழ்வரிசைக்கு வழுக்கி விழுந்தது. இன்னொருத்திக்கும் அதே இடத்தில் வழுக்கியது. வரிசைகளுக்கிடையே இடம் போதாது.

அச்சகத்துக்குத் திரும்பி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்கு மெல்லிய சாம்பல் நிறம் கொடுத்தாள். வரிசைகளைக் கொஞ்சம் அகட்டினாள். மேலே பெரிதாகப் போட்டிருந்த அலங்காரத் தலைப்பைச் சிறிதாக்கி அதற்கு இடம் எடுத்தாள். திரும்பவும் புரூஃப். ஸைனுலாப்தீன் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை பார்த்தார். சிவகுருநாதன் புரூஃபிலும் கையெழுத்து வைத்து, மெசினிலிருந்து வந்த முதல் தாளிலும் வைத்தார்.

அச்சடித்த தாள்களோடு அவள் மறுபடியும் கிளினிக்குக்குப் போன அன்று வெயில் எறித்தது. வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு இளம் தாய், யாரும் கேட்காமலே தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு விரலை வைத்தாள். விரல் சாம்பல் வரிசையோடு நேரே போய்ப் பாதி வட்டத்தில் நின்றது. பிறகு அவள் தலையை நிமிர்த்தி, குளிசையை உடைக்கக் கத்தி வேணுமா, கையால் உடைந்துவிடுமா என்று றஹ்மாவைக் கேட்டாள். கையாலேயே உடையும் என்றாள் றஹ்மா.